கொடுத்தவனும் அடித்தவனும்

பனித்தள ஹாக்கியில் கோல் அடித்தவருக்கும் ஒரு புள்ளி. அதற்கு வட்டைக் கடத்தித் தந்தவருக்கும் ஒரு புள்ளி. இச்சமநீதி என்னை என்றும் கவர்ந்ததுண்டு. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகின் 1979-80 பருவத்தில் அந்நீதிக்கே ஒரு சோதனை நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மார்செல் டியோனும், எட்மன்டன் அணியின் 19 வயது வெய்ன் கிரெட்ஸ்கியும் 137 புள்ளிகளில் சமமாக நின்றனர். டியோன் அடித்த கோல்கள் 53; கிரெட்ஸ்கி அடித்தவை 51. விதிப்படி ஆர்ட் ராஸ் கோப்பை டியோனுக்கே சென்றது. அவர் தகுதியில் எனக்கு ஐயமில்லை. வாழ்நாளில் அவர் பெற்ற ஒரே ஆர்ட் ராஸ் அது. ஆனால், பிறர் கோலுக்கு உதவியதில் கிரெட்ஸ்கி 86, டியோன் 84. பருவம் முழுதும் கொடுத்தவனையும் அடித்தவனையும் நிகராக மதித்த விதி, இறுதியில் அடித்தவன் பக்கம் சாய்ந்ததேன்? கிரெட்ஸ்கி பின்னர் அக்கோப்பையைப் 10 முறை வென்றார். எனினும் என் மனம் அந்த இரண்டு உதவிகளையே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.