முதல் நாட் செலவு

கோழி கூவுதற்கு முன்னரே இராயப்பன்பட்டி விழித்துக்கொண்டது. பனிமய அன்னை ஆலயத்தின் முன்னே வாடகைப் பேருந்து ஒன்று விளக்கெரிய நின்றது. ஏழு நாட் பயணம்; இராமேசுவரம், ஓரியூர், வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சை, திருச்சி என்று ஊர்கள் குறிக்கப்பட்டிருந்தன. கோடை விடுமுறையாதலின் சிறுவர்களும் பலர் இருந்தனர். புளிச்சோற்று மூட்டைகளும் தண்ணீர்க் குடங்களும் பாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பயணத்தை முன்னின்று நடத்திய பள்ளி ஆசிரியர் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். இரண்டு தலை குறைந்தது.

குறைந்தவர்கள் திராட்சைத் தோட்டத்துப் பெரியவரும் அவர்தம் மனைவியாருமே. அம்மையார் பையுடன் வாயிற்படியில் நின்றார். பெரியவரோ கைவிளக்கை ஏந்திப் பந்தலின் அடியில் நின்று ஒவ்வொரு குலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழந்தமிழில் ‘செலவு’ என்பது பயணத்தைக் குறிக்கும். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் இல்லத்தைப் பிரிய மனமின்றிச் சற்றே தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று சான்றோர் வழங்கினர். அத்தலைவனைத் தடுத்தது காதலியின் கண்ணீர். நம் பெரியவரைத் தடுத்தது பன்னீர்த் திராட்சை. கவாத்துச் செய்தபின் ஏறத்தாழ நான்கு மாதங்களில் முதிரும் பயிர் அது. இன்னும் பத்து நாளில் வெட்டவேண்டிய தறுவாயில் இருந்தது. அவ்வேளையில் மழை பெய்தால் பழம் நீரை உண்டு வெடித்துவிடும். வெடித்த பழத்தில் அழுகல் புகும். அழுகிய குலைக்கு வணிகர் விலை கூறார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான், ஆயினும் குறியீடு மழையைத் தடுக்குமா?

அம்மையாருக்கோ வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. பதினோராண்டுகளுக்கு முன் பெரியவர் காய்ச்சலிற் கிடந்து பிழைத்தபோது நேர்ந்துகொண்டது. ஒவ்வோர் ஆண்டும் கொடி ஒரு காரணம் சொல்லிற்று. ஒவ்வோர் ஆண்டும் கடன் நின்றது. இவ்வாண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்து வாயிலில் வைத்தார், அவ்வளவே. பெரியவர் விளக்கை அணைத்துவிட்டு வந்து ஏறினார்.

பேருந்து உத்தமபாளையத்தை அடைந்து நெடுஞ்சாலையிற் சேர்ந்தது. சிறுவர்கள் சன்னலோரத்திற்குப் போரிட்டனர். சமணத் திருமேனிகள் செதுக்கப்பெற்ற உத்தமபாளையத்துப் பாறையையும், பாண்டியர் வரலாற்றுக்கு உதவிய செப்பேடுகளால் புகழ்பெற்ற சின்னமனூரையும் ஆசிரியர் சுட்டிக் கூறினார். கேட்டவர் சிலர், உறங்கியவர் பலர். வீரபாண்டியைக் கடந்து தேனியை எட்டும்போது பொழுது நன்கு விடிந்துவிட்டது.

காலை உணவு வைகை அணையின் பூங்காவில். அணையைக் கண்டவுடன் பெரியவரின் வாய் திறந்தது. “நம் வாசல் வழியே ஓடிவரும் நீரெல்லாம் இங்கே வந்து அடைபடுகிறது. நம் கிணறு நூறடிக்குக் கீழே போய்விட்டது. மதுரைக்காரனும் இராமநாதபுரத்தானும் குடிக்கிறான், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்றார். அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதனைக் கட்டுவித்த பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இப்பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் வயல் பாசனம் பெறுகின்றது. ஆனால் மலையடிவாரத்து மேட்டு நிலத்துக் கொடிகளுக்குக் கிணறே தாய், கால்வாய் அன்று. கண்ணெதிரே ஆறு ஓட, கயிறு நீளமாகிக்கொண்டே போகும் கிணற்றை உடையவனுக்கு வரும் கோபம் எளிதில் ஆறுவதில்லை.

“பெரியவரே, முல்லையாறு மட்டுமா இங்கு வருகிறது? வருசநாட்டு மலையில் தோன்றும் வைகையும் அல்லவா இதனோடு சேர்கிறது? 1959-இல் காமராசர் இவ்வணையைத் திறந்துவைத்திராவிட்டால் வெள்ளமாக வந்த நீர் வெள்ளமாகவே போயிருக்கும்” என்றார் ஆசிரியர். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. அன்று நீர் வெகு தாழ்வில் கிடந்தது. கரையோரச் சேறு வெடித்து ஓடுகள்போற் காணப்பட்டது. பெரியவர் அதனைப் பார்த்துவிட்டு இட்டிலியைக் கையிலெடுத்தார். விவாதம் அம்மட்டில் நின்றது.

ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டியதும் மலைகள் பின்வாங்கின. பிறந்தது முதல் மலைச்சுவர் சூழ வாழ்ந்தவர்களுக்கு வெட்டவெளி ஒருவகை அச்சத்தைத் தரும். ஒரு சிறுமி, “மலை எங்கே போயிற்று?” என்று தன் தாயைக் கேட்டாள். மதுரையைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. வெயிலும் நெரிசலும் கூடிக் கோயில் கோபுரங்களைத் தொலைவிலிருந்து காட்டியதோடு ஓட்டுநர் வண்டியைச் செலுத்திவிட்டார். கீழடியில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் மட்டும் ஒரு மணி நேரம் கழிந்தது. வைகைக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் அமைத்த உறைகிணறுகளைப் பற்றி அறிந்த பெரியவர், “அன்றும் கிணறுதானா?” என்று மெல்லக் கூறி நகைத்தார். அன்றைய நாளில் அவர் நகைத்தது அது முதன்முறை.

மானாமதுரைக்கு அப்பால் ஒரு புளியமர நிழலிற் கட்டுச்சோறு அவிழ்ந்தது. அதன்பின் இருமருங்கும் சீமைக் கருவேலமே. பார்த்திபனூர் மதகணையிலிருந்து இராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கு வைகை நீர் பிரித்துவிடப்படுகிறது. அக்கோடையில் ஆறென்பது மணலும் புதருமே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதை வகுப்பில் உருப்போட்ட மாணவன் ஒருவன் அதனை நினைவூட்டினான். ஆசிரியர் மகிழ்ந்து அவனுக்கு ஒரு வாழைப்பழம் அளித்தார்.

பரமக்குடியில் தேநீருக்காக வண்டி நின்றபோது பெரியவரின் கைப்பேசி ஒலித்தது. மேகமலைப் பக்கம் கறுத்துவிட்டது என்றான் மகன். பெரியவர் மறுமொழி கூறாமல் எழுந்தார். மேலே வைத்த பையை இறக்கினார். மதுரைக்குப் போகும் பேருந்துகள் எதிரே நின்றன. இரவு பத்து மணிக்குள் ஊர் சேர்ந்துவிடலாம்.

“நீங்கள் இறங்கினால் நானும் இறங்குகிறேன்” என்றார் அம்மையார். குரலில் சினம் இல்லை. பதினோராண்டு காத்தவருக்குப் பன்னிரண்டாவது ஆண்டு பெரிதன்று என்பதுபோல் தம் செருப்பைத் தேடலானார்.

பெரியவர் பையும் கையுமாக நின்றபடி மீண்டும் மகனை அழைத்தார். “நான் புறப்பட்டு வருகிறேன்” என்றார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்பா, நீங்கள் வந்தால் மழை நின்றுவிடுமா? முதிர்ந்த குலைகளை ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்” என்றான் மகன். தாம் இல்லாமலும் தோட்டத்தில் வேலை நடக்கும் என்று ஒரு முதியவர் அறிந்துகொள்ளும் நேரம் இன்பமானதா துன்பமானதா என்று சொல்லுதல் அரிது. அவர் பையை மீண்டும் மேலே வைத்தார். ஓட்டுநர் ஒன்றும் அறியாதவர்போல் வண்டியைக் கிளப்பினார்.

இராமநாதபுரத்தில் தங்குவதற்கு அமர்த்தியிருந்த மண்டபம் பெரிய கண்மாய்ப் பக்கத்தில் இருந்தது. கண்மாய் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடந்தது, நீர்தான் இல்லை. ஆடுகள் அதன் நடுவே மேய்ந்தன. தெருமுனைக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. தள்ளுவண்டிகளில் எட்டும் பத்துமாகக் குடங்களை ஏற்றிப் பெண்கள் தள்ளிச் சென்றனர். பெரியவர் வாயிற்றிண்ணையில் அமர்ந்து அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தை அடுத்த களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. உருண்டையாகவும் செந்நிறமாகவும் இருந்த அது இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய். திராட்சை குறியீடு பெற்ற அதே 2023-இல் அதுவும் பெற்றது. களத்துக்குரிய மூதாட்டி ஒருவர் அதனைக் காலால் புரட்டிக்கொண்டே, “எந்த ஊர் ஐயா?” என்று வினவினார்.

“கம்பம் பக்கம், அம்மா. இராயப்பன்பட்டி.”

“வைகைத் தண்ணீர் வரும் பக்கமா?” என்று மூதாட்டியின் கால் நின்றது. “அங்கே மழை உண்டா? அங்கே பெய்தால்தான் எங்கள் கண்மாய்க்கு நாள் எண்ணலாம்.”

மழை வேண்டாமென்று நாள் முழுதும் வேண்டிக்கொண்டு வந்தவர் என்ன விடை கூறுவார்? “மேகம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள்” என்று மட்டும் கூறினார். பிறகு, பொறுக்கமாட்டாதவராய், “ஆனால் எனக்குப் பழம் வெட்டும் காலம், அம்மா. பெய்தால் வெடித்துவிடும்” என்றார்.

மூதாட்டி நகைத்தார். “எனக்கு மட்டும் என்னவாம்? இதோ மிளகாய். ஒரு தூற்றல் விழுந்தால் கறுத்துப்போகும். கண்மாய்க்கு வேண்டும், களத்துக்கு வேண்டாம் என்று நானும் நாள்தோறும் சாமியிடம் கேட்கிறேன். அவர் எந்தக் காதில் கேட்கிறாரோ!”

இருட்டிய பின்னர் மகனிடமிருந்து அழைப்பு வந்தது. அரைமணி நேரம் நல்ல மழை. கிழக்குப் பந்தலில் வெட்டாமல் விட்ட குலைகள் வெடித்துவிட்டன. மேற்குப் பந்தல் தப்பியது. எத்தனை பெட்டி இழப்பென்று அவன் கணக்குச் சொன்னான். பெரியவர் கேட்டுக்கொண்டார். “சண்முகாநதி ஓடையில் தண்ணீர் வந்ததா?” என்று வினவினார். வந்ததென்றான் மகன்.

மேற்கு வானில் மின்னல் ஒன்று வெட்டியது. மூதாட்டி களத்துக்கு ஓடிவந்து தார்ப்பாயை விரிக்க முயன்றார். காற்று அதனைப் பிடுங்கியது. பெரியவர் செருப்பையும் தேடாமல் இறங்கிச் சென்று மறுமுனையைப் பற்றினார். மண்டபத்தினின்று அம்மையார், “சோறு ஆறுகிறது, வாருங்கள்” என்று குரல் கொடுத்தார்.

“நீ சாப்பிடு. இன்னும் ஒரு குவியல் இருக்கிறது” என்றார் பெரியவர்.