தந்தையாரின் நெஞ்சக மடை

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் இருதய வைத்தியத்தைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், ஒரு தாளிற் கண்ட எண்களைப் பிழைபடப் படித்து, என் அன்னையாரை ஓர் இரவு முழுதும் உறங்கவொட்டாமற் செய்தவன் யான். அப்பிழையை ஒளியாது உரைப்பின் பிறர்க்குப் பயன்படும் என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

என் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். படியேறுங்கால் மூச்சுத் திணறிற்று. பின்னர் ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி வீழ்ந்தார். இருதயத்தின் இடது கீழறையினின்றும் குருதி பெருந்தமனிக்குட் செல்லும் வாயிலிலே மூவிதழ் வால்வு ஒன்று உளது. நலமுற்றவரிடத்து அது திறக்குங்கால் வாயின் பரப்பு மூன்று முதல் நான்கு சதுர சென்டிமீட்டர் இருக்கும். தந்தையார்க்கோ அஃது ஒன்றினும் குறைந்துவிட்டது.

குளத்து மடையைக் கண்டோர்க்கு இதன் தீங்கை விளக்குதல் எளிது. மடைவாய் குறுகின் உள்ளே நீர் ஏறி நிற்கும். வெளியே பீறிட்டுப் பாயும். அவ்வாறே வால்வு குறுகின், கீழறையின் அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்தினும் மிக உயரும். அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டையே வைத்தியர் பாதரச மில்லிமீட்டர்க் கணக்கிற் குறிக்கின்றனர். கையிற் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு.

நெஞ்சைத் திறவாமலே இதனை அளப்பது எங்ஙனம்? 1842-இல் டாப்ளர் என்பார் வெளியிட்ட கொள்கையைக்கொண்டு, செவிக்கெட்டா ஒலியைச் செலுத்திக் குருதி பாயும் விரைவை அறிகின்றனர். 1738-இல் பெர்னூலி என்பார் நீரோட்டம்பற்றி வெளியிட்ட நூலின் வழிவந்த கணக்கு அவ்விரைவை அழுத்த வேறுபாடாக மாற்றுகின்றது. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் விரைவை வர்க்கமாக்கி நான்காற் பெருக்குக. தந்தையார்க்கு விரைவு 4.5; ஆகவே வேறுபாடு 81. இஃது உச்ச அளவு. குருதி பாயும் நேரம் முழுமைக்கும் கண்ட சராசரி அளவு 48. சராசரி 40-ஐ எட்டினாலே குறுக்கம் கடுமையானது என்பர்.

அறுவை நலமே முடிந்தது. மாட்டின் இருதய உறையினாற் செய்த புதிய வால்வைப் பொருத்தினர். இரண்டு திங்கள் கழித்து எடுத்த எக்கோவில் விரைவு 2.5, உச்சம் 25, சராசரி 14. "புதிது வைத்தபின்னும் இந்த எண் ஏன் ஒழியவில்லை, டாக்டர்?" என்று அன்னையார் வினவினார். "செயற்கை வால்வுக்குச் சட்டமும் தையல் வளையமும் உண்டு, அம்மா. அதனால் வாய் சிறிது குறுகியே இருக்கும். நன்கு இயங்கும் வால்விலும் ஓரளவு வேறுபாடு இருக்கும். சராசரி பெரும்பாலும் 20-க்குள் அடங்கும். இத்தாளைப் பத்திரமாக வையுங்கள், இனி வருவனவற்றையெல்லாம் இதனோடுதான் ஒப்பிடவேண்டும்" என்றார் வைத்தியர்.

ஓராண்டு சென்றது. தந்தையார்க்கு மீண்டும் களைப்பு மிகுந்தது. புதிய எக்கோத் தாளை மாலையில் யானே வாங்கிவந்தேன். அதில் 36 என்னும் எண் கண்ணிற்பட்டது. பழைய தாளின் 14 நினைவிற்கு வந்தது. "இரண்டரை மடங்காயிற்று, அம்மா! வால்வு கெட்டுவிட்டது" என்று கூறிவிட்டேன். அன்றிரவு அன்னையார் தந்தையாரின் மூச்சையே எண்ணிக்கொண்டு விழித்திருந்தார்.

மறுநாள் வைத்தியர் இரு தாள்களையும் அருகருகே வைத்தார். 36 என்பது உச்சம். 14 என்பது சராசரி. ஒப்பிடவேண்டியவை உச்சத்திற்கு உச்சமாக 25-உம் 36-உம், சராசரிக்குச் சராசரியாக 14-உம் 21-உம் ஆம். அங்ஙனம் நோக்கினும் உயர்வு உண்மையே. ஆயின் அவர் வேறோர் எண்ணைக் காட்டினார். வால்வை அணுகுமுன் குருதிக்குள்ள விரைவை, வால்வின்கண் உள்ள விரைவால் வகுத்து வருவது அது. முன்னர் 1.05-ஐ 2.5-ஆல் வகுக்க 0.42, இப்போது 1.26-ஐ 3-ஆல் வகுக்கவும் 0.42. "மடை குறுகவில்லை, தம்பி, வெள்ளந்தான் பெருகியிருக்கிறது" என்றார். குருதி உறைந்தோ, இதழ்கள் விறைத்தோ வாய் குறுகியிருப்பின், அவ்வெண் தாழ்ந்திருக்கும், 0.25-க்குக் கீழ் இறங்கின் பெரிதும் ஐயுறவேண்டும். வால்வில் ஒழுக்கு இல்லை என்பதையும் அவர் உறுதிசெய்துகொண்டார்.

வெள்ளம் பெருகியதற்குக் காரணம் குருதிச் சோகை. மூலநோயாற் பல திங்களாகக் குருதி இழந்துவந்ததைத் தந்தையார் எங்களிடம் மறைத்திருந்தார். குருதியின் வளம் குன்றவே, இருதயம் மிகுதியாக இறைத்து ஈடுசெய்தது. மூலத்திற்கு மருத்துவம் செய்து, இரும்புச்சத்தும் அளித்தபின், மூன்று திங்களில் விரைவு 2.6-க்கும் சராசரி 15-க்கும் இறங்கின. எண் சிறிதாயின் எப்போதும் நலம் என்றும் கொள்ளற்க. இருதயம் தளர்ந்து குருதியைக் குறைவாகத் தள்ளுமிடத்து, வால்வு குறுகியிருந்தும் வேறுபாடு சிறிதாகவே தோன்றும் என்று வைத்தியர் எச்சரித்தார்.

முன்பின் நோக்காது ஒரு சொல்லுக்குப் பொருள் கொள்ளலாகாது என்று வகுப்பில் நாடோறும் கேட்பவன் யான். எண்ணிடத்து அதனை மறந்தேன். வீடு திரும்புகையில் தந்தையார், "கழிக்கப் புகுமுன் இரண்டும் ஓரினமா என்று பார் என மூன்றாம் வகுப்பில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, தம்பி" என்று நகைத்தார். அன்னையார் நகைக்கவில்லை. "எண்ணை அவன் தப்பாகப் படித்தான், நீங்களோ நோயையே சொல்லாமல் மறைத்தீர்களே" என்றார். தந்தையார் அதற்கு விடை கூறவில்லை. இப்போது தாள்கள் யாவும் நாள்வரிசையில் ஒரே உறையில் உள்ளன. மேலட்டையில் உச்சம், சராசரி, விகிதம் என மூன்று பத்திகளைத் தந்தையாரே கோடிட்டு வைத்திருக்கின்றார்.