கொல்லிமலையும் சமவெளி வாழ் நாமும்

மழைக்காடு என்றதும் அமேசானும், 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. நாமக்கல், சேலம் சமவெளியினரான நமக்கு, அருகிலிருக்கும் கொல்லிமலை நினைவுக்கு வருவதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் பெரும்பாலும் வறண்டவை; எனினும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கொல்லியில் பசுமை மாறாச் சோலைகள் இன்னும் எஞ்சியுள்ளன. ஆகாயகங்கை அருவியாக விழும் அய்யாறு இம்மலையின் நீர்தான்.

வகுப்பறையில் கொல்லியை நாம் வல்வில் ஓரியின் மலை என்றே அறிமுகம் செய்கிறோம். ஓரியைக் கொன்ற காரி அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூறு தரும் செய்தி. மலை கைமாறியதை அறிகிறோம். அங்கு வாழ்ந்தோர் என்ன ஆயினர் என்பதை அறியோம்.

பிற்காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லியிலும் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. ஓசையின்றி நிகழ்ந்த மாற்றம் ஒன்றும் உண்டு. கொல்லியின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரல்லர்; மலையை ஆள்வோர்) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். நம் ஊர்ச் சேகோ ஆலைகள் கிழங்கு கேட்டன. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. பணம் வந்தது, வீட்டுத் தானியம் குறைந்தது. நம் பாயசத்து ஜவ்வரிசிக்கும் அம்மலைச் சரிவுக்கும் உள்ள உறவு இது.

சாமை குறைந்ததற்குச் சந்தை மட்டும் காரணமன்று. அதை உரலிலிட்டுக் குத்தும் பாடு முழுவதும் பெண்களுடையது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் விதை வங்கிகளையும் அமைத்து, மகளிர் குழுக்கள் வழியே விற்பனைக்கும் வகை செய்தது. பாடு குறைந்து விலையும் கிடைத்தால்தானே மரபுப் பயிர் நிலத்தில் நிற்கும்!

காடும் அவ்வாறே. அரசு காப்புக்காடு என்று எல்லைக்கல் நடுவதற்கு முன்பே, தெய்வம் உறையும் இடமென்று மரம் வெட்டாது விட்ட கோயிற்காடுகள் அம்மக்களுடையவை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு அளிக்கிறது. அந்த அதிகாரம் ஏட்டோடு நின்றுவிடாமல் ஊர்தோறும் நடைமுறைக்கு வரவேண்டும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அருவி காணச் செல்லும் நாம், இறங்கும்போது ஒரு படி சாமையேனும் உரிய விலை கொடுத்து வாங்கி வருவோம்.