ஆடிட்டரின் பஞ்சாங்கம்

மார்ச் 31 இரவோடு நிதியாண்டு முடிகிறது. ஏப்ரல் பிறந்ததும் எங்கள் ஆபீசுக்கு வரும் முதல் போன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. "சார், எப்ப வரட்டும்? சீக்கிரம் முடிச்சுட்டா நிம்மதி." ஜூன் 20க்கு மேல் வரச் சொன்னால் அவருக்கு மனத்தாங்கல். முதல் மணி அடிக்குமுன் பள்ளி வாசலில் நின்று பழகியவரை நிதானமாக வாருங்கள் என்றால் எப்படி இருக்கும்!

ஆனால் காரணம் இருக்கிறது. அவருடைய டெபாசிட் வட்டியில் பேங்க் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு, கடைசிக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம். அதன்பிறகுதான் அந்தத் தொகை 26ஏஎஸ் என்ற வரிப் பதிவில் அவர் பேரில் ஏறும். சம்பளக்காரர்களுக்கு ஃபார்ம் 16 வர ஜூன் 15 ஆகிவிடும். அதற்குமுன் அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டால், பதிவில் ஏறாத வரிக்குக் கழிவு கேட்டதாக ஆகும். பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். 2021 நவம்பரில் ஏஐஎஸ் என்ற பட்டியலும் வந்துவிட்டது. சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், விற்ற மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அதில் இருக்கும். "அட, இந்தக் கணக்கு எனக்கே மறந்துபோச்சே" என்று சொல்லாதவர்கள் குறைவு.

ரிட்டர்ன் காத்திருக்கலாம் என்பதால் வரியும் காத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டியிருந்தும் குறைவாகக் கட்டியவருக்கு ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வாடகையும் வட்டியும் வாங்கும் ஐம்பது வயதுக்காரரிடம் நான் சொல்வது: ரிட்டர்னுக்கு ஜூனில் வாருங்கள், பாக்கி வரியை ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள்.

ஜவுளிக்கடைக்காரருக்கு நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. சித்திரை, வைகாசியில் முகூர்த்த வியாபாரம். ஆடியில் தள்ளுபடி. தணிக்கை அறிக்கை தர வேண்டிய செப்டம்பர் 30ஐ ஒட்டி தீபாவளிச் சரக்கு இறங்கும். ரிட்டர்னுக்கான அக்டோபர் 31 பல வருஷம் தீபாவளிக் கூட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும். "மார்கழியில ஃப்ரீ சார்" என்பார். மார்கழியில் வருவது டிசம்பர் 31. அது தாமத ரிட்டர்னுக்கான கடைசி நாள்.

சம்பளக்காரர்களின் கெடு ஜூலை 31. அந்தக் கடைசி வாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மஞ்சள் பையும் வாட்ஸ்அப்பில் கலங்கலான போட்டோக்களுமாக எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள். எல்லாம் முடிந்து சரிபார்ப்புக்கு ஓடிபி கேட்டால், ஆதாரில் இணைத்த நம்பர் பெங்களூரில் இருக்கும் மகனிடம். மகன் மீட்டிங்கில். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால், போட்டும் பயனில்லை.

இந்தக் கடைசி நேரக் கூட்டத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2025இல் ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கினார்கள். அன்றிரவு இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். கெடு நீளும் என்று ஊருக்கே பழக்கிவிட்டது அரசாங்கம்தான். நீளாத வருஷம் மாட்டிக்கொள்பவர், வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டுகிறார். பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு: கெடு தவறினால் அந்த நஷ்டத்தை அடுத்த வருஷங்களின் லாபத்தில் கழிக்க முடியாது. அதனால் என் டைரியில் முதல் இடம் நஷ்டக்காரர்களுக்கு, அடுத்தது ரீஃபண்ட் வர வேண்டியவர்களுக்கு. யார் முதலில் போன் செய்தார் என்பதை நான் பார்ப்பதில்லை.

உங்கள் ஆடிட்டருக்கு ஜூன் மூன்றாம் வாரத்தில் போன் செய்யுங்கள். போகும்போது பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும், மூடிய கணக்குடையதையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். ஆதாரில் இருக்கும் நம்பர் எந்த போனில் இருக்கிறதோ, அந்த போனையும்.