குட்டி யானையின் வருமானம்

திருப்பூரில் ஒரு பனியன் தைத்து முடிவதற்குள் அதன் துணி ஊரையே சுற்றிவிடும். நிட்டிங்கில் ஓட்டிய துணி வீரபாண்டிப் பக்கம் சாயத்துக்குப் போகும். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குட்டி யானை என்று கூப்பிடும் ஒரு சிறு சரக்கு வண்டி ஓடுகிறது. அதை ஓட்டுபவரே பல வண்டிகளுக்கு முதலாளி. சலானைக் கண்ணாடியோரம் சொருகி வைப்பார். கணக்கு மட்டும் தலைக்குள் இருக்கும்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர். வரி என்றாலே அவருக்கு நடுக்கம். இத்தனைக்கும் இவரைப் போன்றவர்களுக்கென்றே 1994-இல் வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2025-இல் வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பத்துச் சரக்கு வண்டிவரை வைத்திருப்பவருக்குப் பேரேடு தேவையில்லை. சிறிய வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று அரசே மதிப்புப் போட்டுக்கொள்ளும், வருடத்துக்கு 90,000. டீசல், டயர், எஃப்சி, இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் போக மிஞ்சியது அது என்று அர்த்தம். மேற்கொண்டு எதையும் கழிக்க முடியாது. 2014-இல் வைத்த தொகை. டீசல் எங்கேயோ போய்விட்டது, இது அங்கேயே நிற்கிறது.

வண்டி ஓடியதா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. உங்களுடையதாக இருந்ததா என்றுதான் கேட்கும்; மாதத்தில் ஒரு நாள் இருந்தாலும் முழு மாதக் கணக்கு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது சிறு வண்டிக்குத் தொகை 4,500. லோடு கிடைக்காமல் நின்ற வண்டிக்கும் அதே 4,500தான். குறைத்துக் காட்ட வேண்டுமானால் கணக்கு எழுதி, தணிக்கையும் செய்ய வேண்டும். ஒற்றை வண்டிக்காரர் அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

பலர் கவனிக்காத இன்னொன்று: 7,500 என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் சம்பாதித்தால் அந்தக் கூடுதல் தொகையைத்தான் காட்ட வேண்டும். சம்பாதித்தோமா என்று தெரிந்துகொள்வதில்தான் சிக்கலே. "ஏனுங்க, மாசாமாசம் கட்டற டியூவச் செலவுல சேத்தக்கூடாதுங்களா?" என்று எங்கள் தெருக்காரர் ஆடிட்டரிடம் கேட்டார். அதில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் ஆகாது. ஆனால் வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருடம் 30 சதவீதம் தேய்மானம் உண்டு. அதை அவர் நினைத்ததே இல்லை. டீசல் போகச் சட்டைப்பையில் இருப்பதெல்லாம் லாபம் என்றே இருந்தார். வண்டி கிழடாகும் நாளில்தான் அந்தச் செலவு மொத்தமாக வாசலுக்கு வரும்.

  

உண்மையில் இவருக்கு வரியே வராது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம்வரை தனிநபருக்கு வரி இல்லை. அப்புறம் எதற்கு ரிட்டர்ன் என்றால், இரண்டாவது வண்டிக்கு லோன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். 90,000 வருமானக்காரருக்கு என்ன கொடுப்பார்கள்? சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் வருமானத்துக்கு ஆதாரமாக அதே தாளைப் புரட்டும். எழுதிய வருமானம் சின்னதென்றால் குடும்பத்துக்குக் கிடைப்பதும் சின்னதாகிவிடும்.

இதைக் கேட்டதும் அவர் நேரே எதிர்த்திசையில் திரும்பிவிட்டார். "அப்ப அஞ்சு லட்சம்னு போட்ருங்க, வரிதான் இல்லியே" என்றார் ஆடிட்டரிடம்.

ஆடிட்டர் நிமிரவில்லை. "போடலாமுங்க. கணக்கு நோட்டக் கொண்டாங்க."