மணியும் பாலிசியும்

எங்கள் வீட்டு மணிக்கு 3 வயது. லாப்ரடார். போன தை மாதத்திலிருந்து மாடிப்படி ஏறுவதில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து என்னையே பார்க்கும். சோம்பேறித்தனம் என்று நினைத்துச் சத்தம் போட்டேன். பாவம், வலி.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார். "இடுப்புல பந்தும் கிண்ணமும் சரியாப் பொருந்தல சார். லாப்ரடார், அல்சேஷன்ல நிறையப் பாக்கறோம். அப்பா அம்மா வழியா வர்றது. எடை ஏறினா இன்னும் மோசமாகும்" என்றார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்கால பஜ்ஜியில் பாதி மணிக்குத்தான் போகும்.

ஆபரேஷன் என்றால் என் மூன்று மாதப் பென்ஷன். மகன் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாகக் கிளெய்ம் அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. பரம்பரை நோய்க்கும் பிறவிக் கோளாறுக்கும் பாலிசியில் இடமில்லை. எடுத்துப் பார்த்தால், விலக்குகள் பகுதியில் பொடி எழுத்தில் இருக்கிறது. 31 வருஷம் பொதுக் காப்பீட்டில் குப்பை கொட்டியவன், சொந்தப் பாலிசியைப் படிக்கவில்லை.

இருந்தாலும் கோபம் வந்தது. பிரீமியம் வாங்கும்போது என்ன ஜாதி நாய் என்று கேட்டுத்தானே எழுதிக்கொண்டார்கள்? அந்த ஜாதிக்கு வழக்கமாக வருகிற நோயை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் காப்பீடாம். மனிதர்கள் விஷயத்தில், மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாக விலக்குவது பாகுபாடு என்று 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நாய்க்கு யார் வழக்காடுவது?

காரசாரமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதியில் 1986 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது கறவை மாட்டுக் கடனோடு இன்சூரன்ஸும் உண்டு. மாட்டின் காதில் நம்பர் போட்ட டேக் மாட்டுவோம். மாடு செத்தால் அந்த டேக்கைக் கொண்டுவர வேண்டும். 'டேக் இல்லையேல் கிளெய்ம் இல்லை' என்பது எங்களுக்கு வேதவாக்கு. ஒரு அம்மா மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். வேலியில் உரசி டேக் எங்கோ விழுந்துவிட்டதாம். "மாடு செத்தது ஊருக்கே தெரியும் ஐயா" என்றார். விதியைக் காட்டி மறுப்பில் கையெழுத்துப் போட்டது நான்தான். அதுவும் இரண்டே வரிதான்.

கடிதத்தைக் காரம் குறைத்து எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் இல்லை. பஜ்ஜி நின்றுவிட்டது. என் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம். மணி பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.