சமையல்கட்டு இல்லாத காட்டேஜ்

கல்யாணமாகி இந்த 22 வருஷத்தில் நானும் என் கணவரும் மட்டும் வீட்டை விட்டு வெளியே தனியாகத் தங்கியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஆஸ்பத்திரி அறையில்! 2024 ஜூலையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்து நாளும் அவர் பக்கத்தில் இருந்த குட்டி பெஞ்சில் காலை மடக்கிப் படுத்துக் கிடந்தார்.

அதற்கு முன்னால் 'தேன்நிலவு' என்று ஒன்று போனோமே என்றால், போனோம். 2003-ல் ஊட்டிக்கு. மாமியார், நாத்தனார் குடும்பம், சின்ன மாமனார் என்று ஒன்பது பேர் ஒரே வேனில். பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு ஒரு அறை. இப்படிப்பட்ட தேன்நிலவு எனக்கு மட்டும்தான் வாய்த்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் விசாரித்தால் பாதிப் பேர் கதை இதுதான்!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "நான் புரண்டு படுத்தா உனக்கு இடிக்கும்" என்று சொல்லித் தன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார் அவர். நல்ல எண்ணத்தில்தான் போனார். தையல் ஆறியது, நான் பழையபடி நடமாட ஆரம்பித்தேன், மூன்று மாசம் கழித்து டாக்டரம்மாவும் "எல்லாம் சரியா இருக்கு, வழக்கம்போல இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். தலையணை மட்டும் கூடத்திலேயே இருந்தது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. காஸ் சிலிண்டர் வந்ததா, பையன் டியூஷன் பணம் கட்டியாச்சா, அத்தைக்கு சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சா, இதற்கு மேல் பேச்சும் கிடையாது.

கல்லூரி விடுதியில் இருக்கும் என் பெண்தான் முதலில் ஆரம்பித்தாள். "அம்மா, தம்பிக்குப் பிளஸ் டூ பரீட்சை முடியுதில்ல? உங்க கல்யாண நாளுக்கு நீயும் அப்பாவும் எங்கேயாவது ரெண்டு நாள் போயிட்டு வாங்க. பாட்டியைத் தம்பி பார்த்துப்பான்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தை காதில் விழுந்திருக்குமோ என்று வேறு பயம். அவரோ, "போயிட்டு வாங்களேன், நான் என்ன இட்லி ஊத்தத் தெரியாதவளா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கே போவது? கொடைக்கானல் என்றுதான் முதலில் நினைத்தோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் என்று கொண்டுவந்துவிட்டார்கள். கோர்ட் உத்தரவு. ஊருக்குள் வண்டி நெரிசல் அவ்வளவு. நெரிசல் என்று தெரிந்தும் அங்கே போய் எந்த அமைதியைத் தேடுவது? திருச்சியிலிருந்து எங்களுக்குத் தோதாகப் பட்டது ஏற்காடு. சேலத்துக்கு மூன்றரை மணி நேரம், அங்கிருந்து மலை ஏற சுமார் 30 கிலோமீட்டர். 1,500 மீட்டர் உயரம், உடம்பை உலுக்கிப் போடுகிற குளிர் கிடையாது.

பெண் அங்கிருந்து செல்போனில் படம் படமாக அனுப்பினாள். எல்லாப் படத்திலும் பச்சைப் பசேல் மலை, வெள்ளை மெத்தை, மெத்தை மேல் துண்டை முறுக்கிச் செய்த இரண்டு அன்னம். படத்தைப் பார்த்து வீடு பிடிப்பது பெண் பார்க்கப் போட்டோவை நம்புகிற மாதிரிதான். ஒரு இடத்துக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு, "அறையை நடந்து காட்டி ஒரு வீடியோ அனுப்புங்களேன்" என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதே போட்டோவைத்தான் அனுப்பினார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆயிரம் போனது போனதுதான். வீடியோவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருக்க வேண்டும், புத்தி பின்னால் வந்தது.

இன்னொரு இடத்தில் போன் எடுத்த பையன், "மேடம், ஹனிமூன் பேக்கேஜா?" என்றான். ரோஜா இதழால் கட்டிலில் இதயம் வரைவார்களாம், கேக் வெட்டலாமாம், கூடுதலாக 2,500 ரூபாய். அந்த இதழ்களை மறுநாள் யார் பெருக்குவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேண்டாம் தம்பி என்று வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் என் கணவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "கிச்சன் இருக்கிற காட்டேஜாப் பாரேன். குக்கரும் அரிசியும் கொண்டுபோயிட்டா ஓட்டல் செலவு மிச்சம்."

"என்னங்க, அங்கேயும் போய் நான் அடுப்பு முன்னாடி நிக்கணுமா? அதுக்கு நம்ம வீட்டு அடுப்பே போதுமே" என்றேன். என்னையும் அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட முதல் கேள்வியே, "சமையல்கட்டு இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால் உடனே வேண்டாம்! பாத்திரத்தைக் கண்டால் நம் கை சும்மா இருக்காது. ஒரு ரசமாவது வைக்கலாமே என்று தோன்றும், அப்புறம் புளி எங்கே, பெருங்காயம் எங்கே என்று கிளம்பிவிடுவோம். பக்கத்திலேயே சமைத்துக் கொடுக்க ஆள் இருக்க வேண்டும், ராத்திரி எத்தனை மணி வரை சாப்பாடு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மலையில் எட்டரை மணிக்கெல்லாம் கடை அடங்கிவிடும்.

மற்றதெல்லாம் உடம்பை உத்தேசித்துக் கேட்டது. வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி? மலைச்சரிவில் கட்டிய வீடுகளுக்கு ஐம்பது, அறுபது படி சர்வ சாதாரணம். வெந்நீருக்கு கீசரா, விறகா, எத்தனை மணிக்கு? கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு உண்டா? கக்கூஸ் உட்காரும்படி இருக்கிறதா? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழுமா? முக்கியமாக, பக்கத்துக் காட்டேஜில் யார் தங்குவார்கள்? சனி ஞாயிறு வந்தால் ஏரியைச் சுற்றி இருக்கிற இடங்களில் பையன்கள் கூட்டமாக வந்து தீ மூட்டி, ஸ்பீக்கரை அலற விடுகிறார்களாம். 'ஏரிக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தால் அது நமக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். படகு விடுகிற ஏரியை ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதாதா?

கடைசியில் அமைந்தது, ஏரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காபித் தோட்டத்துக்குள் பழைய ஓட்டு வீடு. ஒரு அறை, குளியலறை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 3,200 ரூபாய், சாப்பாடு தனி. காவல்காரர் மனைவி வீடியோவில் தாழ்ப்பாளைக்கூடப் போட்டுக் காட்டினாள்!

2025 மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்தோம். சேலத்திலிருந்து மேலே போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. ஏழாவதிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ!

தோட்டத்துக்குள் ஆட்டோ நுழைந்ததும் கமகமவென்று ஒரு வாசனை. மல்லிகையோ என்று தலையில் கை வைத்துப் பார்த்தேன், அன்றைக்கு நான் பூவே வைக்கவில்லை. காபிச் செடி பூத்திருந்தது! பங்குனியில் ஒரு மழை பெய்தால் போதும், பத்து நாளுக்குள் கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே சமயத்தில் பூத்துவிடுமாம். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், அப்புறம் உதிர்ந்துவிடும். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர். சில்வர் ஓக் மரத்து நிழலில் காபி, அந்த மரத்திலேயே ஏறும் மிளகுக் கொடி.

அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், என்ன பேசுவது என்றே தெரியவில்லை. பையன் கணக்குப் பரீட்சை எப்படி எழுதியிருப்பான் என்று கொஞ்ச நேரம். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றியிருப்பானா என்று கொஞ்ச நேரம். அப்புறம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். இதற்கா இவ்வளவு பணம் என்றுகூட மனசுக்குள் ஓடியது. ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டோம்.

மறுநாள் ஊர் சுற்றினோம். சேர்வராயன் கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் போக வேண்டும். லேடீஸ் சீட் பாறையில் இருட்டும் வரை நின்றால் கீழே சேலம் நகரம் முழுக்க விளக்கு. பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, ஆர்க்கிட் தோட்டம் என்று ஆட்டோக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். நாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீருவேன் என்று ஓடினால், வாடகை கொடுத்த வராந்தாவில் யார் உட்காருவது?

ராத்திரி சாப்பாடு ஆனதும் மறுபடி அதே நாற்காலிகள். மின்மினி ஒன்றிரண்டு பறந்தது. ரொம்ப நேரம் கழித்து, இருட்டைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "இன்னும் வலிக்குதா உனக்கு?"

எட்டு மாசத்தில் அதுதான் முதல் தடவை. "அதெல்லாம் எப்பவோ போயிடுச்சுங்க. நீங்கதான் கேக்கவே இல்லையே" என்றேன்.

"கேக்கப் பயமா இருந்துச்சு" என்றார். அன்றைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். என்ன ஆனாலும் பொறுப்பில்லை என்கிற மாதிரி நாலைந்து வரி. அதைப் படித்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லையாம். என்னை வெளியே கொண்டுவரும் வரை கீழே போய் ஒரு டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லையாம். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவருடைய அம்மாவிடமா, பிள்ளைகளிடமா? நானும் என் பங்குக்குச் சொன்னேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் நான் அவருக்கு வேண்டாதவள் ஆகிவிட்டேனோ என்று ராத்திரி ராத்திரி கூடத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்ததைச் சொன்னேன். "அட அசடே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மணி பன்னிரண்டு இருக்கும் நாங்கள் உள்ளே போனபோது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தால் மனிதர் அறையில் இருந்த மின்சாரக் கெட்டிலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறார். சுற்றி ஏக்கர் கணக்கில் காபி, அவர் கலந்து கொடுத்தது பாக்கெட் காபித்தூள்! சர்க்கரை தூக்கல். நான் வாயைத் திறக்காமல் குடித்தேன். வேறு எந்த அடுப்பும் அங்கே இல்லை, நல்லவேளை.

காவல்காரர் மனைவி இட்லி கொண்டுவந்தாள். சின்னப் பெண், இரண்டு குழந்தை. "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போவீங்களா?" என்று கேட்டேன். "சேலத்துக்குப் போவோம்க்கா, பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா" என்று சிரித்தாள். எனக்கு என் பெஞ்சு ஞாபகம் வந்தது. கிளம்பும்போது பணத்தை அவள் கையிலேயே கொடுத்தேன்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இரண்டொரு வார்த்தை. இரண்டு பேருடைய ஆதார் கார்டும் வேண்டும். குரங்கு ஜாஸ்தி, ஜன்னலைத் திறந்து வைத்துப் பழத்தை மேஜையில் வைக்காதீர்கள். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், பெட்டியை அவரே தூக்கட்டும். மே மாசம் கோடை விழா நடக்கும்போது கூட்டம் தாங்காது, அப்போது வேண்டாம்.

கால் கிலோ மிளகும் அரைக் கிலோ காபிப்பொடியும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை. பையன் பைக்குள் தின்பண்டம் தேடினான். அத்தை இட்லி ஊற்றி மூடி வைத்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கூடத்தில் கிடந்த தலையணையை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். அத்தை பார்த்தும் பார்க்காத மாதிரி டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.